பாடு சொல்லும் பாடம்

தொழில் நடக்கும் இடத்தில் தகராறு வராமல் இருக்காது. கூலி குறைந்தது என்பார் ஒருவர். வேலை குறைந்தது என்பார் மற்றவர். கொடுத்த முன்பணம் கழிந்துவிட்டதா, இல்லையா? பங்கு சரியாகப் பிரிக்கப்பட்டதா? "நாளை முதல் வரவேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முதலாளிக்கு உரிமை உண்டா? படகிலும் கடையிலும் தோல் மண்டியிலும் அன்றாடம் எழும் கேள்விகள் இவை.

இவற்றுக்கு நாம் வழக்கமாகக் காணும் முடிவுகள் மூன்று. ஒன்று அடிதடி. இரண்டு போலீஸ் நிலையம். மூன்று, வாய்மூடி வெளியேறுவது. மூன்றிலும் நீதி கிடைப்பது அரிது. நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு நடுவரிடம் பிரச்சினையை ஒப்படைத்து, அவர் சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவது. மத்தியஸ்தம் என்று இதைச் சொல்கிறோம். இதன் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் போக வேண்டும்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்பகுதியும் பழவேற்காடு முகத்துவாரமும் தமிழகத்தில், பொன்னேரி வட்டத்தில் உள்ளன. கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளரும் இறால், மீண்டும் கடலுக்குத் திரும்பும். அது போகிற வழியில் வலை கட்டுகிறவருக்கு நல்ல வருமானம். ஆனால் வலை கட்டத்தக்க இடங்கள் கொஞ்சம், வலைகளோ அதிகம். வலுத்தவன் கட்டியதே வலை என்று விட்டிருந்தால் ஏரி என்றோ ரத்தக்களரி ஆகியிருக்கும்.

அப்படி ஆகாமல் காத்தது 'பாடு' முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியின் குறிப்பிட்ட பாடுகளில் முறைவைத்து மீன்பிடிக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் 'தலைக்கட்டு' என்ற பெயரில் பதிவான குடும்பத் தலைவர்களுக்கே அதில் உரிமை. எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் கிடைக்கலாம். பணக்காரர், ஏழை, பஞ்சாயத்தாரின் உறவினர் என்ற பேதத்துக்கு இடமில்லை. முறை தவறி வலை கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். இரு தரப்பையும் விசாரிக்கும். தவறு செய்தவருக்கு அபராதம் போடும்.

இது எந்த அரசாங்கமும் எழுதிக் கொடுத்த சட்டமல்ல. கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இதே போன்ற முறை உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் வலைகட்டும் மீனவர்கள் சீட்டுப் போட்டு முறைவைக்கும் வழக்கத்தை 1958ல் அந்நாட்டு அரசே விதிகளாக வெளியிட்டு அங்கீகரித்தது.

இம்முறை நிலைத்து நின்றதன் ரகசியம் என்ன? சண்டை வந்த பிறகு விதியைத் தேடவில்லை. விதியை வைத்துக்கொண்டுதான் ஏரியில் இறங்கினார்கள். யார் விசாரிப்பது என்பதும் முன்பே முடிவான விஷயம். நடுவர் யார் என்பதிலேயே தகராறு வந்தால், தகராறை எங்கே தீர்ப்பது?

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதையும் நாம் மறைக்கக் கூடாது.

தலைக்கட்டில் இல்லாதவர்களின் நிலை என்ன? பக்கத்து ஊர்க்காரர்கள், தாழ்த்தப்பட்ட மக்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்கள் ஆகியோரும் அந்த ஏரியை நம்பித்தான் வாழ்கிறார்கள். இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறியபோது ஏரியில் இறங்கியவர்களின் தொகையும் ஏறியது. பாடு உரிமை உள்ளவர்கள், "இது எங்கள் பாட்டன் பூட்டன் இடம்" என்றார்கள். இல்லாதவர்கள், "எங்கள் வயிற்றுக்கு வழி என்ன?" என்றார்கள். இந்த வழக்கில் ஊர்ப் பஞ்சாயத்து எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? அதுவே ஒரு கட்சிக்காரர் ஆயிற்றே! உள்ளே இருப்பவர்களுக்கு நீதிமன்றமாக இருந்த அதே பஞ்சாயத்து, வெளியே இருப்பவர்களுக்கு எதிராளியாகத் தெரிந்தது.

பாடு சொல்லும் பாடம் இதுதான். இரு தரப்பும் சேர்ந்து அமர்த்திய நடுவர் நீதி தருவார். ஒரு தரப்பு மட்டும் அமர்த்திய நடுவர், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நம்பிக்கை தரமாட்டார்.

நம் நாட்டின் தொழிலாளர் வரலாறும் இதையே சொல்கிறது. 1918ல் அகமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் தர மறுத்தார்கள். 35 சதவீதம் நியாயம் என்றார் காந்தியடிகள். அவர் உண்ணாவிரதம் இருந்த பிறகு, இரு தரப்பும் ஆனந்தசங்கர் துருவா என்ற பேராசிரியரை நடுவராக ஏற்றன. அவர் 35 சதவீதத்தையே தீர்ப்பாக வழங்கினார், முதலாளிகள் கட்டுப்பட்டார்கள்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 1956ல் 10-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, தாங்களே நடுவரைத் தேர்ந்தெடுக்க அது வழி செய்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் இந்த விருப்ப மத்தியஸ்தம் தொடர்கிறது. சட்டம் 70 ஆண்டுகளாகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே போகிறவர்கள்தான் குறைவு!

வியாபார ஒப்பந்தங்களுக்கு 1996ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் இருக்கிறது. அரசு நிறுவனங்களின் ஒப்பந்தங்களைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. ஒரு தரப்பே தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமித்துக்கொள்ளும் விதி சமத்துவத்துக்கு விரோதமானது என்பதே அத்தீர்ப்பு. இருளர் குடிசையில் கேட்ட அதே கேள்விக்கு டெல்லியில் கிடைத்த விடை என்றே இதைச் சொல்லலாம்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

நம் சமுதாயத்தில் முதலாளிகளும் இருக்கிறார்கள், தொழிலாளிகளும் இருக்கிறார்கள். மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் கடை வைத்திருப்பவர் நம்மவர். அங்கே காலை முதல் இரவு வரை நின்று வியாபாரம் பார்க்கும் பையனும் பெரும்பாலும் நம்மவரே. மீனவருக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு எடுக்கும் வியாபாரிகளும் நம்மில் உண்டு. "நம்ம ஊர்ப் பையன்தானே, எழுத்து எதற்கு?" என்று ஆரம்பிக்கிறோம். மனக்கசப்பு வந்ததும் கணக்கு ஆளுக்கொரு விதமாகிறது. பஞ்சாயத்து பேச ஜமாஅத்துக்குப் போனால், அங்கே நடுவில் அமர்ந்திருப்பவர் முதலாளியின் மைத்துனர்! அந்த இளைஞன் எந்த நம்பிக்கையில் அங்கே வாய் திறப்பான்?

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். கணவன் மனைவி பிணக்கில்கூட இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்தும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் கடைப்பிடிக்க வேண்டிய இந்த நியாயம் கடைக்குள் மட்டும் வேண்டாமா?

எனவே வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்வது இதுதான். வேலைக்கு ஆள் சேர்க்கும் நாளிலேயே கூலி, நேரம், விடுமுறை, முன்பணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தகராறு வந்தால் விசாரிக்கும் நடுவர் யார் என்பதையும், எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்த நடுவர் உங்கள் உறவினராகவோ உங்களிடம் கடன்பட்டவராகவோ இருக்க வேண்டாம். தொழிலாளியும் "இவர் எனக்குச் சம்மதம்" என்று சொல்லட்டும். மீனவருக்குக் கொடுக்கும் முன்பணத்துக்கும் இதே முறைதான். கணக்கு நோட்டு உங்களிடம் மட்டும் இருந்தால் அது கணக்கல்ல. அவரிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை எந்த மத்தியஸ்தமும் குறைக்க முடியாது. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்று ஆளை மிரட்டி வாங்கும் கையெழுத்துக்கு மத்தியஸ்தம் என்று பெயரில்லை.

இளைஞர்களே! உங்கள் உரிமையை நீங்கள் தெரிந்துகொள்ளாவிட்டால் யார் எடுத்துத் தருவார்கள்? 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்க முடியாது. விசாரணையில் நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்கு முன்னறிவிப்பில் விலக்கு உண்டு. நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். சமரச அதிகாரியிடம் போவதென்றால் காலம் கடத்தாதீர்கள். புதிய சட்டத்தொகுப்பில், தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் அவர் அதை விசாரிக்க முடியாது. கூலிக்கு அல்லாமல் பங்குக்கு வேலை பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "இவர் தொழிலாளியா, கூட்டாளியா?" என்ற கேள்வியிலேயே உங்கள் வழக்கு சிக்கிக்கொள்ளும். உங்களுக்குத்தான் எழுத்தும் நடுவரும் எல்லோரையும்விட அவசியம்.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இது புதிய சேதியல்ல. அங்கே சம்பளத் தகராறு முதலில் லேபர் ஆபீஸில் சமரசத்துக்குத்தான் போகும். கையில் ஒப்பந்தத் தாள் இருந்தவர் எப்படித் தப்பினார், இல்லாதவர் எப்படித் தவித்தார் என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நடுவர் குழு அமையுங்கள். அதில் முதலாளிகள் மட்டும் உட்கார வேண்டாம். தொழிலாளிகளுக்கும் இடம் கொடுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடங்களின் தகராறில் பெண்களுக்கும் இடம் கொடுங்கள். கடையில் வேலை பார்ப்பவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும் அவருக்கும் இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். தலைக்கட்டுக்காரருக்கு மட்டும் நீதி என்ற தவறை நாமும் செய்யக் கூடாது.

பழவேற்காட்டு மீனவர் வலையைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே சீட்டுக் குலுக்குகிறார். நம் கடைகளிலும் நடுவரின் பெயர் வேலை தொடங்கும் நாளிலேயே எழுதப்படட்டும்.