குளிசைக்கு அரசாங்கக் காசு, மனிசருக்கு ஆற்ற காசு?

“நல்லதுதானே மச்சான், அமெரிக்கன்ர காசு நிண்டால் இனியாவது சொந்தக் காலில நிப்பாங்கள்.” கன்டீனில பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு எங்கட தோழர் ஒருவர் சொன்னது. எதிரில இருந்தவர் விடேல்ல: “அமெரிக்கா இல்லாட்டி ஆபிரிக்காவில சனம் எப்பவோ செத்து முடிஞ்சிருக்கும்.” எனக்கு இரண்டு பேரோடயும் சண்டை.

2025 ஜனவரி 20, ட்ரம்ப் பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். 2003இல் புஷ் காலத்தில் தொடங்கிய பெப்ஃபார் என்ற எச்.ஐ.வி. உதவித் திட்டமும் அதில் மாட்டிக்கொண்டது. தென்னாபிரிக்காவை எடுங்கோ. உலகிலேயே எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் அதிகமுள்ள நாடு, ஏறத்தாழ 80 இலட்சம் பேர். அங்கே எச்.ஐ.வி. செலவில் பெப்ஃபாரின் பங்கு 17 வீதமளவாகத்தான் இருந்தது. குளிசைகளைப் பெரும்பாலும் அந்த அரசாங்கமே தன் காசில் வாங்குகிறது.

அப்ப என்ன பிரச்சினை? அந்த 17 வீதம் எதுக்குப் போனது எண்டு பாருங்கோ. பரிசோதனை செய்யும் ஆலோசகர், மருந்தெடுக்க வராமல் விட்டவரை வீடு தேடிப் போறவர், பதிவு வைத்திருப்பவர் என ஏறத்தாழ 15,000 பேரின் சம்பளம் அது. பாலியல் தொழிலாளர், திருநர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள் பயமில்லாமல் போகக்கூடிய கிளினிக்குகளும் அந்தக் காசில்தான் நடந்தன. முதலில் பூட்டுப்பட்டதும் அவைதான். பொதுக் கிளினிக்குக்குப் போகலாமே எண்டு சொல்லலாம். அந்த வரிசையில நிண்டு, பெயரைக் கூப்பிடேக்க எல்லாரும் திரும்பிப் பாக்கிற பார்வையைத் தாங்கிறவருக்குத்தான் தெரியும். குளிசையை விட்டால் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்ப எழும்பும். குளிசை அலுமாரியில இருந்து என்ன பிரயோசனம்?

அமெரிக்காவைப் புகழ்ந்த நண்பருக்கு ஒரு கேள்வி. பெப்ரவரியில் கொஞ்சம் விலக்குக் குடுத்தார்கள்தான். ஆனால் தொற்று வராமல் முன்கூட்டியே எடுக்கும் மருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும். மற்றவைக்கு வந்தால் வரட்டுமா? இது ட்ரம்போட தொடங்கினதும் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடுப்புக் காசில் மூன்றிலொரு பங்கைத் திருமணம் வரை உடலுறவைத் தவிர்க்கும் பிரசாரத்துக்கு ஒதுக்கியது. பாலியல் தொழிலை எதிர்ப்பதாக எழுத்தில் தந்தால்தான் காசு எண்டும் நிபந்தனை. 2005இல் பிறேசில் அதுக்காகவே ஏறத்தாழ 4 கோடி டொலரை வேண்டாம் என்றது. அந்தக் காசால இலட்சக்கணக்கான உயிர் தப்பினது உண்மை. ஆர் தப்பவேணும் எண்ட பட்டியலும் அதோட சேர்ந்தே வந்தது.

இனி முதலாவது தோழர். சொந்தக் கால் எண்டு சொல்லுறியள், ஆற்ற கால்? ஜனாதிபதி ம்பெக்கியும் மேற்கை எதிர்த்துத்தான் கதைச்சார். எச்.ஐ.வி.தான் எயிட்ஸை உண்டாக்குது எண்டதையே சந்தேகிச்சு மருந்தைப் பிந்தினார். அதால 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போனதாக ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2002இல் தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்க மருந்து குடுக்கும்படி அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டதெண்டால், நோயோடு வாழ்ந்தவர்களே தெருவிலயும் கோட்டிலயும் நிண்டு வாங்கின தீர்ப்பு அது. வெளிக்காசை எதிர்க்கிற எல்லாரும் சனத்தின்ர பக்கம் இல்லை.

எங்கட நாட்டிலயும் வேலை இதே மாதிரித்தான் பிரிக்கப்பட்டிருக்கு. தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் குடுத்தது. பெருமைதான். தாய்மாருக்காக அரசாங்கம் செலவழிக்கும், மேடையில சொல்லும். ஆனால் பாலியல் தொழிலாளர்களையும் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களையும் தேடிப் போகும் வேலைக்குப் பல வருடமாகக் குளோபல் ஃபண்டின் காசை நம்பி இருக்கிறோம். ஒரு கையால 365, 365ஏ பிரிவுகளை வைத்து ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களைக் குற்றவாளியாக்கிக்கொண்டு, மற்றக் கையால வெளிக்காசில் ஆணுறை குடுக்கிற நாடு இது. 2025 நவம்பரில் அந்த ஃபண்ட் 18 பில்லியன் டொலர் கேட்டு 11.34 பில்லியன்தான் கிடைத்தது. வெட்டு விழேக்க எங்க விழும் எண்டு நினைக்கிறியள்?

இதைத்தான் கன்டீனிலயும் கேட்டன். களப்பணியாளரின் சம்பளத்தை வரவு செலவுத் திட்டத்தில் போடு, 365ஏயை எடு எண்டு அடுத்த ஊர்வலத்தில ஒரு பதாகை பிடிப்பமா தோழர்? அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். பிறகு, பிளேன்ரீ ஆறிப்போச்சு எண்டு சொல்லி எழும்பிட்டார்.