பீருக்கு 21, துப்பாக்கிக்கு 18

அமெரிக்காவின் டெக்சாஸில் பீர் வாங்க 21 வயது ஆக வேண்டும். ரைஃபிள் வாங்க 18 போதும். 2022 மே மாதம் அந்த மாநிலத்தின் யுவால்டி நகரத் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக்கொன்றவன், பதினெட்டு நிரம்பிய சில நாள்களிலேயே சட்டப்படி கடையில் துப்பாக்கி வாங்கியவன். களவு இல்லை, கள்ளச்சந்தையும் இல்லை.

ஆயுதம் ஏந்தும் உரிமை 1791 முதல் அரசியல் சாசனத்தில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். பார்க்லாந்து பள்ளிப் படுகொலைக்குப் பின், 2018இல் ஃபுளோரிடா இந்த வயதை 21 ஆக்கியதே. அதில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர்தான். டெக்சாஸிலோ, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நடையாய் நடந்தும், அரைத் தானியங்கு ரக ரைஃபிள்களுக்கான வயதை உயர்த்தும் மசோதா 2023இல் சட்டமன்றக் குழுவைத் தாண்டியும் அவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. எதிர்த்து வாக்களிக்கும் சங்கடம்கூட உறுப்பினர்களுக்கு நேரவில்லை.