பள்ளிக் குடிநீரில் ஃபுளோரைடு எவ்வளவு? பெற்றோருக்குத் தெரிய வேண்டும்

அயனம்பாக்கத்தில் குடியிருக்கும் பெற்றோர்களாகிய எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது. அங்கன்வாடியானாலும் பள்ளியானாலும், குழந்தைகள் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பரிசோதித்து, முடிவை வாசலில் எழுதி வைக்க வேண்டும்.

ஃபுளோரைடு விஷம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். அது இல்லாவிட்டால் பல் சொத்தையாகும் என்கிறார் இன்னொருவர். எதையும் அளவுதான் தீர்மானிக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழும். ஈறுக்குள் எனாமல் உருவாகும் காலத்தில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள் நேரும் பாதிப்பு இது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோய் 1937-லேயே பதிவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களோ ஒகேனக்கல் காவிரி நீர் குழாயில் வர 2013 வரை காத்திருந்தார்கள். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்த ஃபுளோரைடு அதற்குள் பல தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் பாதித்துவிட்டது.

நம் ஊர் தருமபுரி அல்ல. ஆனால் ஒரே தெருவில் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று குடிக்கிறோம். ஒன்றின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஃபுளோரைடு நிறத்திலோ ருசியிலோ தெரியாது. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடின் பெரும்பகுதியை நீக்கிவிடும். அந்தத் தண்ணீர் குடிக்கும் வீட்டிலும் ஃபுளோரைடு இல்லாத பற்பசையைத் தேடி வாங்குவதை நாங்கள் ஏற்கவில்லை. நம் பிள்ளைகளை அன்றாடம் வாட்டுவது சொத்தைப் பல்தான். மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு பற்பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945-இல் தொடங்கியதுபோல் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும்படி நாங்கள் கேட்கவில்லை. நிலத்தடி நீரில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல், வெயிலில் பிள்ளைகள் குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும் ஊரில் அது சரிவராது.

நீர்மட்டம் இறங்கும் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். எந்தப் பள்ளியில் அளவு 1.5-ஐத் தாண்டுகிறதோ, அங்கே அந்த வாரமே மாற்றுக் குடிநீர் தர வேண்டும்.