பழைய டிராக்டரும் பொதுப் பணமும்

நெல்லறுக்கும் யந்திரங்கள் பெருகியபின், வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலைக் கட்டுவதற்கும் யந்திரமே வேண்டியதாயிற்று. எருவை வண்டியில் ஏற்ற ஆள் கிடைப்பதும் அரிது. ஆகவே, முன்புறம் லோடர் பொருத்திய பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி அங்கத்தினர்க்கு வாடகைக்கு விடலாமா எனச் சங்கத்தார் சிலர் நம்மை வினவுகின்றனர். விடலாம், ஆனால் விலைக் குறைவையும் வண்ணப் பூச்சையும் கண்டு முடிவு செய்தல் ஆகாது என்பதே நமது அபிப்பிராயம்.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கம், புதிதாய் வண்ணம் பூசிய டிராக்டரை ஒரே நாளில் பார்த்து வாங்கியிருந்தது. பின்புறம் எதிரெடை கட்டாமலே லோடரை இயக்கி வந்த வண்டி அது. முன் அச்சு தேய்ந்து, வைக்கோல் தருணத்தில் வேலையின்றி நின்றது. நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சார்ந்தது.

லோடர் தூக்கும் பாரம் முன் அச்சில்தான் இறங்குகிறது. ஆதலால் முன் சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தி, ஆட்டம் உண்டா என அசைத்துப் பார்த்தல் வேண்டும். எஞ்சினை, அது குளிர்ந்திருக்கையில் முடுக்கிப் பார்த்தல் வேண்டும். நிமிஷத்துக்கு 540 சுற்று சுழலவேண்டிய பி.டி.ஓ. தண்டை, வைக்கோல் கட்டும் யந்திரத்தை இணைத்தே சோதித்தல் வேண்டும். பதிவுச் சான்றில் கடன் ஈடு குறிக்கப்பட்டிருப்பின், அது நீங்கும்வரை முன்பணமும் கொடுத்தலாகாது.

விற்பவர் அவசரப்படுத்தினால் விட்டுவிடுதலே நலம். வேறு டிராக்டர் கிடைக்கும். இழந்த நம்பிக்கை சங்கத்துக்கு எளிதில் மீளாது.