அடி யாருக்கு உதவுகிறது?

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்ற பழமொழிக்கு நம் அலுவலகங்களில் இருக்கும் செல்வாக்கு திருக்குறளுக்குக்கூட இல்லை. குறள் சுவரில் தொங்குகிறது. நிர்வாகம் செய்வது பழமொழிதான். சர்வர் படுத்தாலும், மருந்து மாறிப்போனாலும், ரயில் தடம்புரண்டாலும் முதல் கேள்வி "யார் அது?" என்பதே. பெயர் கிடைத்துவிட்டால் ஒரு மெமோ, ஒரு 17பி குற்றச்சாட்டு, முடிந்தால் ஒரு சஸ்பெண்ட். அப்புறம் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பல ஆண்டுகளாகக் காதில் விழுந்து எரிச்சலூட்டும் இந்தப் பாட்டு 2024 ஜூன் 17 அன்று நாடே கேட்கும்படி ஒலித்தது. மேற்கு வங்கத்தில் நியூ ஜல்பைகுரிக்கு அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் ஒரு சரக்கு ரயில் மோதியது. நசுங்கிய பெட்டிகளை முழுதாக அப்புறப்படுத்துவதற்குள் ரயில்வே வாரியத் தலைவர் காரணத்தைச் சொல்லிவிட்டார்: சரக்கு ரயிலின் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்று தெரிகிறது. ஓட்டுநர் மறுப்பு தெரிவிக்கவில்லை. விபத்தில் அவரும் இறந்துபோயிருந்தார்.

தவறு செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் காரணமும் தெரிந்துவிடும் என்பது அடியை நம்பும் இந்தக் கட்சியின் முதல் நம்பிக்கை. ரயில் பாதுகாப்பு ஆணையர் பிறகு விசாரித்து எழுதியதைப் படித்தால் இந்த நம்பிக்கை ஒரு பக்கம்கூடத் தாங்காது. அன்று விடிகாலையிலிருந்தே அந்தத் தடத்தில் தானியங்கி சிக்னல்கள் பழுது. ரங்காபாணி ஸ்டேஷன் மாஸ்டர், சிவப்பு விளக்கைக் கடந்து போகலாம் என்று டி/ஏ 912 என்ற படிவத்தை வண்டிகளுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த வேகத்தில் கடக்க வேண்டும் என்று அதில் இல்லை. சிக்னல் பழுதானால் எப்படிப் போவது என்பதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அன்று அதே படிவத்தோடு வேறு ஐந்து வண்டிகளும் அந்தப் பாதையில் போயிருக்கின்றன. பழுதான ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஊர்ந்த வண்டி ஒன்றே ஒன்று. அதுதான் பின்னாலிருந்து இடி வாங்கிய காஞ்சன்ஜங்கா. மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் செய்ததைத்தான் செத்துப்போன ஓட்டுநரும் செய்தார். அவர்களுக்கு முன்னால் மெதுவாகப் போன வண்டி இல்லை. இவருக்கு முன்னால் இருந்தது. இப்படியொரு விபத்து நடக்கக் காத்திருந்தது என்ற பொருளில்தான் ஆணையர் எழுதினார். முதல் நாள் கிடைத்த பெயரோடு கோப்பை மூடியிருந்தால் அந்தப் படிவத்தை யாரும் எடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டின் பாலசோர் விபத்தில் ஷாலிமரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சிக்கியதால் நம் ஊரிலும் அன்றிரவு பலர் தூங்கவில்லை. 2023 ஜூன் 2. பஹநாகா பஜார் நிலையத்தில் வண்டிக்கு மெயின் லைன் பச்சை விளக்கு. தண்டவாளமோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். லெவல் கிராசிங் அருகே இருந்த சிக்னல் பெட்டியில் 2018இலேயே ஒயர்கள் தப்பாக இணைக்கப்பட்டிருந்தன என்று பாதுகாப்பு ஆணையர் கண்டுபிடித்தார். அறிக்கையில் அதைவிட வயிற்றைக் கலக்குவது வேறொரு செய்தி. 2022 மே 16 அன்று, அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில், இதே போன்ற ஒயரிங் கோளாறால் இதே போன்ற சம்பவம் நடந்திருக்கிறது. யாரும் சாகவில்லை. அப்போதே சரியான நடவடிக்கை எடுத்திருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்கிறார் ஆணையர். பாலசோருக்குப் பிறகு சி.பி.ஐ. மூன்று ஊழியர்களைக் கைது செய்தது, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் சம்பவம் ஒரு நிலையத்தில் நடந்து, பாடம் அதே கோட்டத்தின் இன்னொரு நிலையத்துக்குப் போய்ச் சேர ஓராண்டு போதவில்லை என்றால், அந்தப் பாடத்தை வழியில் விழுங்கியது எது? பாங்க்ரா நயாபாஜில் எத்தனை பேருக்கு மெமோ போனது என்பதை ரயில்வேயால் சொல்லிவிட முடியும். எத்தனை நிலையங்களில் அதற்குப் பிறகு சிக்னல் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டால்தான் இருமல் வரும்.

இரண்டாவது நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் வேர்: பயம் இருந்தால்தான் கவனம் இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்க வைப்பது பயம்தான் என்கிறார்கள். இதை ஒரு பெரிய நிறுவனம் முழு மனதோடு, முறையாக, ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்திருக்கிறது. ஜப்பானின் மேற்குப் பகுதியில் ரயில் ஓட்டும் ஜே.ஆர். வெஸ்ட். அங்கே ஓட்டுநர் ஒருவர் நிலையத்தைத் தாண்டி நிறுத்தினாலோ தாமதமாக்கினாலோ 'நிக்கின் கியோயிகு' என்ற 'மறுபயிற்சி'க்கு அனுப்புவார்கள். பெயர்தான் பயிற்சி. மேலதிகாரிகள் நடுவே உட்காரவைத்து நாள் முழுக்க மன்னிப்புக் கடிதம் எழுதவைப்பார்கள், திட்டுவார்கள், புல் பிடுங்கவும் கழிப்பறை கழுவவும் விடுவார்கள். பிரேக் பிடிப்பது எப்படி என்பதற்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. சம்பளமும் அடிபடும். நம் ஊர் அதிகாரிகள் கண்டால் பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு.

2005 ஏப்ரல் 25 காலை, இடாமி நிலையத்தில் 23 வயது ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டி சுமார் 72 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டார். ஓட்டுநராகி ஓராண்டு ஆகவில்லை. ஏற்கெனவே ஒருமுறை இதே போன்ற தவறுக்காக 13 நாள் 'பயிற்சி' பெற்றவர். பின்னே நகர்த்தி, ஆட்களை ஏற்றி, ஒன்றரை நிமிடத் தாமதத்தோடு கிளம்பினார். பிறகு அவர் செய்த காரியம்தான் முக்கியம். வண்டியின் பின்முனையில் இருந்த நடத்துநரை உள்தொலைபேசியில் கூப்பிட்டு, தூரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லமுடியுமா என்று கேட்டார். நடத்துநர் இளகிய மனம் படைத்தவர். கட்டுப்பாட்டு அறைக்கு வானொலியில் '8 மீட்டர்' என்று சொன்னார். அந்த உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போது ஓட்டுநரின் காது வானொலியில் இருந்தது. அறை என்ன பதில் சொல்லும், தன்னிடம் என்ன கேட்கும், தான் என்ன சொல்லித் தப்பிப்பது? எதிரே வந்தது அமாகாசாகிக்கு முன்னுள்ள வளைவு. 70 கிலோமீட்டர் வேகம்தான் அங்கே அனுமதி. வண்டி நுழைந்தது சுமார் 116இல். பெட்டிகள் தடம்புரண்டு பாதையோரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் மோதின. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள்.

2007இல் வந்த அதிகாரபூர்வ விசாரணை அறிக்கை, ஓட்டுநர் பிரேக் பிடிக்கத் தாமதித்ததற்கு இதைத்தான் காரணமாகக் கருதியது: வானொலிப் பேச்சில் கவனம் போனது, மறுபயிற்சிக்குத் தப்ப என்ன சொல்லலாம் என்ற யோசனையில் மனம் போனது. பயம் கவனத்தைக் கூட்டியது என்பது உண்மைதான். கூட்டிய கவனம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை மட்டும் பழமொழி சொல்வதில்லை. தண்டனைக்குப் பயந்தவன் தண்டிப்பவனைப் பார்த்துக்கொண்டிருப்பான். தண்டவாளத்தைப் பார்க்க மிச்சக் கண் இருக்காது. 72 மீட்டர் எட்டு மீட்டராகச் சுருங்கியதும் கவனிக்கத்தக்கது. இதே கணக்கு எல்லா அலுவலகங்களிலும் தினமும் நடக்கிறது. மேலே போகப் போகத் தவறின் நீளம் குறைந்துகொண்டே போகும். உச்சியில் இருப்பவரின் மேசைக்கு வரும்போது அது 'சிறு தாமதம்' ஆகியிருக்கும். அவர் அதை நம்பி மறுநாள் அட்டவணையை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். அமாகாசாகியின் அந்த வளைவு 1990களில் பாதை மாற்றியமைத்தபோது இருமடங்கு கூர்மையாக்கப்பட்டது. வேகம் மீறினால் தானாக நிறுத்தும் புதிய கருவி அங்கே இன்னும் பொருத்தப்படாமல் இருந்தது. புல் பிடுங்கவைக்க ஆள் இருந்தது, கருவி மாட்ட நாள் கிடைக்கவில்லை. அதே ஜே.ஆர். வெஸ்ட் 2016 ஏப்ரலிலிருந்து, மனிதத் தவறால் நேரும் சம்பவங்களுக்காக ஊழியர்களை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்துவதில்லை என்று விதியை மாற்றிக்கொண்டது. அடியின் பயனை அவ்வளவு தீவிரமாகச் சோதித்த நிறுவனம் எடுத்த முடிவு அது.

தண்டனை இல்லையென்றால் எல்லோரும் தவறை மறைத்துவிடுவார்கள் என்பது மூன்றாவது வாதம். நல்ல வேடிக்கை. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஓடுபாதையை அணுக அனுமதி என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, உடனே உயரம் குறைக்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டதே காரணம். ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைட்டெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே சொற்களை அதே மாதிரி புரிந்துகொண்டு, மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைட்டெட் தன் விமானிகளிடம் சொல்லிவைத்தது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளிடம் சொல்ல ஒரு வழியும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், தவறுகளை எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்றது. லைசென்ஸைப் பிடுங்கும் கையிடமே போய்ச் சொல்ல யார் முன்வருவார்கள்? 1976இல் அந்த வேலையை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அறிக்கைத் தாளில் பெயரும் முகவரியும் உள்ள பகுதியைக் கிழித்து அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். பத்து நாளுக்குள் தானே எழுதியவருக்கு, வேண்டுமென்றே செய்ததல்லாத மீறலுக்குத் தண்டனை இல்லை. இதுவரை 20 லட்சத்துக்கு மேல் அறிக்கைகள் வந்திருக்கின்றன. மறைக்கிறவர்களின் கூட்டம் இப்படி வரிசையில் நின்று எழுதுமா?

'அப்படியானால் குடித்துவிட்டு ஓட்டியவனையும் விட்டுவிடலாமா?' என்று உடனே ஒரு குரல் எழும். விடவேண்டாம். வேண்டுமென்றே செய்ததும் குற்றமும் மேற்சொன்ன பாதுகாப்புக்குள் வராது என்று நாசா திட்டமே சொல்கிறது. நூற்றில் ஒருவரைக் காட்டி மீதி 99 பேரையும் அடிக்க வைத்திருக்கும் சாக்கு இது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி அதைவிடக் கனமானது. ஆனால் செத்துப்போன ஓட்டுநரின் மேல் பழியைப் போட்டு அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பதில் எத்தகையது என்பதை முன்னமே பார்த்தோம்.

இன்னும் சில வாதங்கள் உண்டு. நம் ஆட்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்பது ஒன்று. ஜப்பானியருக்கும் ஒத்துவராது என்றுதான் ஜே.ஆர். வெஸ்ட் நினைத்திருக்கும். தலைமை பொறுப்பேற்றால் போதும் என்பது இன்னொன்று. இதற்கு உடனே தவான்-கலாம் கதை வரும்: 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் தானே பொறுப்பேற்றார், 1980 ஜூலை 18இல் வென்றபோது கலாமைப் பேசச் சொன்னார். உண்மைக் கதைதான். மேடைப் பேச்சுகளில் இது சொல்லப்பட்ட தடவைகளைக் கணக்கிட்டால் ராக்கெட் நிலாவுக்கே போயிருக்கும். தவானின் பெருந்தன்மை எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு ஒழுகி அமிலம் வெளியேறியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அரியலூரும் இப்படித்தான். 1956இல் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்ததும் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். ராஜினாமா பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாலத்தை யாரும் பேசுவதில்லை.

இப்போது நம் நகரங்களின் ஐ.டி. நிறுவனங்களில் 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' (பழி சுமத்தாத ஆய்வு) என்று கூட்டம் போடுகிறார்கள். எட்ஸி நிறுவனத்தில் ஜான் ஆல்ஸ்பா 2012இல் எழுதியதிலிருந்தும் கூகுளின் புத்தகத்திலிருந்தும் வந்த பழக்கம், வரவேற்கலாம். ஆனால் கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லாமல் "ஒருவர்" என்று மரியாதையாகப் பேசிவிட்டு, அந்த ஒருவரின் அப்ரைசலில் பழைய கணக்கைத் தீர்த்தால் அது பழைய கள்ளே. அரசு அலுவலகங்களில் அந்த நாடகமும் இல்லை, விளக்கக் கடிதம்தான். 'பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்' என்று தொடங்கி 'இனிவரும் காலங்களில் இதுபோன்ற தவறு நிகழாவண்ணம் பார்த்துக்கொள்வேன் என உறுதி கூறுகிறேன்' என்று முடியும் அந்தத் தாளில் நடந்தது என்ன, எந்தப் பட்டன் எங்கே இருந்தது, படிவத்தில் எது விடுபட்டிருந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. இருந்தால் அதற்கும் தனியாக விளக்கம் கேட்பார்கள்.

பட்டன் எங்கே இருந்தது என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பி-17 விமானிகள் தரையிறங்கியபின் இறக்கை மடிப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கி, விமானத்தை வயிற்றால் ஓடுபாதையில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். விமானியின் தவறு என்றே எழுதிவந்தார்கள். ஆல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் விமானியின் அறைக்குள் ஏறிப் பார்த்தபோது இரண்டு சுவிட்சுகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடிப்புக்கான பிடியில் ஓர் ஆப்பு வடிவத்தையும் ஒட்டச் சொன்னார். இன்றும் பயணி விமானங்களின் விமானி அறையில் சக்கரத்தை இயக்கும் பிடியின் முனையில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கிறது.