நாங்க இன்னும் கடைசி ஆகல

விவசாயிய வச்சுப் படம் எடுக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு வயல் வேலை தெரியல. ஹீரோ டவுன்ல இருந்து வந்து மைக்கப் பிடிப்பார், ஒரே பாட்டுல கண்மாய் நிறைஞ்சிரும்.

மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி' (2022) அப்படி இல்ல. மாயாண்டியா வர்ற நல்லாண்டி நெசமாவே விவசாயி. படம் வர்றதுக்கு முந்தியே காலமாயிட்டார். செத்த மயிலப் புதைச்சவர் மேல, கொன்னதா கேஸ் போட்டு உள்ள வைப்பாங்க. அங்கயும் அவருக்குப் பயிரு நினைப்புதான். அதுல பொய்யே இல்ல. தேசிய விருது கொடுத்தது சரிதான்.

எனக்கு ஒப்பாதது தலைப்புதான். கடைசின்னு சொல்லிட்டா, பட்டணத்துல பார்க்குறவர் கண்ணத் தொடச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவார். கடலாடிப் பக்கம் மழைய நம்பிப் புரட்டாசியில நெல்லு விதைக்கிறோம், மிளகாய் போடுறோம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு. அப்புறம் யாரு கடைசி?

ஏன் நொடிஞ்சோம்னு தெரியணும்னா சோ. தர்மனோட 'சூல்' படிங்க. 2019-க்கான சாகித்ய அகாடமி விருது வாங்குன நாவல். உருளைக்குடி கண்மாய்தான் கதை. ஊரே மராமத்து பார்த்த கண்மாய், ஊர் கையவிட்டுப் போனதும் என்ன ஆச்சுன்னு சொல்றார். எங்க பக்கமும் அதேதான்: உள்ள வேலிக்கருவை, வரத்துக்கால் தூர்ந்து கிடக்கு.

ஊர்ல தாத்தா பேர்ல பட்டா வச்சிருக்கவங்க, படம் பார்த்து அழுதது போதும். ஆவணிக்குள்ள ஒரு நாள் வந்து தூர் வார எங்ககூட நில்லுங்க.