அரிசிப் பையின்மேல் யார் மொழி?

பூதலூர்ப் பக்கத்து வயலில் காவிரி நீர் பாய்ந்து விளைந்த நெல், அரிசியாகிப் பையிலடைபட்டுப் பூதலூர்க் கடைத்தெருவிலேயே விற்பனைக்கு வருகின்றது. உழுதவன் தமிழன், அரைத்தவன் தமிழன், விற்பவனும் தமிழன், உலையிலிடுபவளும் தமிழச்சி. ஆயினும், அப்பையின்மேல் சட்டம் கேட்கும் எடை, விலை, பொதித்த காலம் ஆகிய செய்திகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டுமாம்! 2011 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பொதியப்பட்ட பண்டங்களுக்கான எடையளவு விதிகளில் ஒன்பதாம் விதி அவ்வாறுதான் கூறுகின்றது. பிற மொழிகளை அவற்றோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளத் தடையில்லை என்று ஓர் ஒட்டும் அதில் உண்டு. தடையில்லை என்பது உரிமையாகிவிடுமா? நேற்று வந்தவன் ஒருவன் வீட்டுக்குரியவனைப் பார்த்து, “உன் திண்ணையில் நீயும் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம்” என்று கூறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இது புலவர்களின் மனக்குறை. நமக்கென்ன என்று மளிகை வணிகர் ஒதுங்கிவிடலாகாது. விதிக்கு மாறான பொதியைச் செய்தவனை மட்டுமன்று, விற்றவனையும் சட்டம் பிடிக்கின்றது. 2009 ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் இயற்றப்பட்டபொழுது, அதன் 36 ஆம் பிரிவு இத்தகைய முதற்குற்றத்திற்கு 25,000 உருபா வரை தண்டம் வகுத்தது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த சிற்றூர்க் கடைக்காரன், தான் எழுதாததும் தனக்குப் படிக்க வாராததுமான ஒரு சீட்டுக்காகத் தண்டம் கட்டும் நிலைக்கு ஆளாக்கப்பட்டான். வாங்குபவனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குழந்தைக்குக் கொடுக்கும் மாவு கெட்டுப்போகும் நாள் எது என்பதை அத்தாய் யாரைக் கேட்டு அறிவாள்?

தில்லியின் உள்ளக்கிடக்கை 2023 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தெளிவாக வெளிப்பட்டது. நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், தயிர் உறைகளின்மேல் ‘தகி’ என்னும் இந்திச் சொல்லே முதன்மையாக இருத்தல் வேண்டும் என்று ஆவினுக்கும் கருநாடகத்து நந்தினிக்கும் ஓலை விடுத்தது. தமிழ்நாடு கொதித்தது, கருநாடகமும் எதிர்த்தது. மார்ச்சு 30 இல் ஆணையம் இறங்கி வந்தது. எந்த அளவிற்கு இறங்கியது என்பதையும் பார்த்தல் வேண்டும். ஆங்கிலச் சொல்லை முன்னிட்டு, அடைப்புக்குறிக்குள் தயிர் என்றோ மொசரு என்றோ போட்டுக்கொள்ளலாம் என்றது. வென்றோம் என்று மகிழ்ந்தவர் பலர். தயிர் வென்றது உண்மை. ஆனால் அடைப்புக்குறிக்குள் அடைபட்டு வென்றது!

அந்தப் போரில் முன்னின்றிருக்க வேண்டியவர் வணிகர் அமைப்பினர் அல்லரோ? அவர்களுக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் கூறவியலாது. 1980களிலிருந்து மே 5 ஆம் நாளை வணிகர் நாளாகக் கொண்டாடிவரும் கூட்டம் அது. த. வெள்ளையனார் தலைமையில் நின்ற தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரவையும், ஏ.எம். விக்கிரமராசா தலைமையில் கிளைத்த பேரமைப்பும் கடையடைப்பு என்று ஒரு சொல் சொன்னால், ஊர்தோறும் கதவுகள் சாத்தப்படும். (‘சங்கம்’ என்பதைக் கழகமாக்கிக்கொள்ள இரண்டுக்குமே நேரம் வாய்க்கவில்லை.) சில்லறை வணிகத்தில் அயல்நாட்டு முதலீட்டை எதிர்த்து 2012 செப்டம்பர் 20 இல் நாடு தழுவிக் கடைகள் மூடப்பட்டபொழுது தமிழ்நாட்டு வணிகர் பின்தங்கவில்லை. ஏறுதழுவலுக்காக இளைஞர் திரண்ட 2017 ஆம் ஆண்டில், மார்ச்சு முதல் நாளிலிருந்து பெப்சி, கோக்கு விற்பதில்லை என்று இவ்விரு அமைப்புகளும் அறிவித்தன. ஊதியத்தை விட்டுக்கொடுத்து எடுத்த முடிவு அது; போற்றத்தக்கது.

பொருள் பணி வரியில் நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்கலாம். 2022 சூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொதியரிசிக்கு நூற்றுக்கு 5 வரி வந்தது. அதற்கு முன், பதிவுபெற்ற வணிகப் பெயர் கொண்ட அரிசிக்கே அவ்வரி இருந்தது. ஆலையினரும் வணிகரும் எதிர்த்தனர், வரி நீங்கவில்லை. விளைந்தது என்ன? 26 கிலோ மூட்டைகள் பிறந்தன! மொத்தமாக மூட்டை வாங்கக்கூடியவனுக்கு வரியில்லை. ஐந்து கிலோப் பை வாங்கும் கூலிக்காரனுக்கு வரி. சோழவளநாட்டுப் பொன்னி அரிசிக்கு இப்படியொரு நிறைகோல்! இதை மாற்றும் அதிகாரம் தஞ்சையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. வரி மன்றத்தின் வாக்குகளில் மூன்றிலொரு பங்கு நடுவணரசின் கையில். எஞ்சிய இரண்டு பங்கையே மாநிலங்கள் அனைத்தும் பகிர்ந்துகொள்கின்றன. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே எல்லா மாநிலங்களும் ஒன்றுபட்டாலும் தில்லி இசையாமல் ஒரு துரும்பும் அசையாது. வணிகர் அமைப்புகள் அலுவலர்களிடம் அடுக்கும் முறையீடுகள் ஏன் முடங்குகின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கின்றது. வரியுரிமையும் மொழியுரிமையும் ஒரே பூட்டினுள் கிடக்கின்றன.

பலமொழிகளில் அச்சிடுவது இயலாது என்று பெருநிறுவனத்தார் கூறுவர். பற்பசையை வாங்கு, வழலையை வாங்கு என்று சுவர்தோறும் தமிழில் எழுத அவர்களால் இயல்கின்றதே! காசு பறிக்கத் தமிழ். கெடுநாள் கூற மட்டும் ஆங்கிலமா?

வணிகரும் தம் கடைமுகப்பைச் சற்றே அண்ணாந்து பார்த்தல் வேண்டும். பெயர்ப்பலகையில் தமிழே மேலிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15 ஆம் விதி. அதை மீறி, ‘மார்ட்டு’ என்றும் ‘சுடோர்சு’ என்றும் ஆங்கில எழுத்தில் பொறித்து வைத்துக்கொண்டு தில்லியிடம் தமிழ் கேட்டால், தில்லி சிரிக்காதா? பட்டினப்பாலை பாடிய வணிகரின் வழிவந்தோருக்கு மளிகைக்கடை என்னும் நல்ல தமிழ்ச்சொல் கசப்பானேன்?

வரும் மே 5 மாநாட்டில் வரிக்குறைப்புத் தீர்மானங்களோடு இதையும் வைத்தல் வேண்டும். ஒன்பதாம் விதியில் ‘இந்தியிலோ ஆங்கிலத்திலோ’ என்றிருப்பதை நீக்கி, ‘பண்டம் விற்கப்படும் மாநிலத்தின் மொழியில்’ என்று எழுதல் வேண்டும். உணவுச் சீட்டு விதிகளிலும் அவ்வாறே. பிழைபட்ட சீட்டுக்கு அதனை ஒட்டியவனே பொறுப்பு. விற்ற சிறுகடைக்காரன் அல்லன் என்பதும் உடன்சேர்தல் வேண்டும். இவ்விரண்டையும் எழுதித் தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒவ்வோர் ஊர்க் கிளையும் கொடுக்கட்டும். பூதலூர்க் கடைத்தெரு முதற்கையெழுத்தை இடட்டும்.